சூன் பாண் வருகிறதா, போகிறதா? காதாலேயே கண்டுபிடிக்கும் கணக்கு

பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஓட்டோவின் சத்தம் காதில் விழுந்ததும் கொழும்பு வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: இனித்தான் வருகிறதா, இல்லை தாண்டிப் போய்விட்டதா? வருகிறதென்றால் சில்லறை தேடலாம், கிம்புலா பணிஸா மாலுபாணா என்று வீட்டுக்குள் ஒரு வாக்குவாதமும் நடத்தலாம். போகிறதென்றால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓட வேண்டியதுதான்.

இதற்குப் பௌதிகவியலில் விடை உண்டு. பெயர் டொப்ளர் விளைவு: ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போது சுருதி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பது. உயர்தர வகுப்பில் இதை அம்புலன்ஸை வைத்துத்தான் படிப்பிப்பார்கள். அம்புலன்ஸ் அவ்வளவு நல்ல உதாரணம் அல்ல. அதன் சைரன் தானாகவே ஏறி இறங்குகிறது. எந்த ஏற்றம் சைரனுடையது, எந்த இறக்கம் வண்டியின் ஓட்டத்தால் வந்தது என்று புதிதாகப் படிப்பவருக்குப் புரியாது. பாண் ஓட்டோ அப்படியல்ல. மெதுவாக வருகிறது, எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டைப் பாடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுருதி எவ்வளவு மாறியது என்று அளக்கும் அளவுகோலையும் அந்த மெட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பெரும்பாலான ஓட்டோக்கள் போடுவது பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபர் எலிஸ்’. அவர் 1827இல் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் அது அச்சேறியது. தாய்வானில் இதே மெட்டைப் போட்டுக்கொண்டு வருவது குப்பை லொறி. அங்கிருந்து வந்த விருந்தாளி தெஹிவளையில் குப்பைப் பையோடு கேற்றுக்கு ஓடினால் கோபிக்கக் கூடாது.

மெட்டின் தொடக்கத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டே சுரங்கள் மாறி மாறி வரும். ஒன்று, கீபோட்டில் ‘ஈ’ என்ற வெள்ளைக் கட்டை. மற்றது அதற்கு இடப்புறம் ஒட்டியிருக்கும் ‘டி ஷார்ப்’ என்ற கறுப்புக் கட்டை. இரண்டுக்கும் இடையே உள்ளது அரைச்சுரம், அதாவது மேலைச் சங்கீதத்தின் ஆகச் சிறிய படி. சரியாகச் சுருதி சேர்த்த கீபோட்டில் அந்த ‘ஈ’ செக்கனுக்கு 659 தடவை அதிரும். ‘டி ஷார்ப்’ 622 தடவை. இடைவெளி 37 ஹேர்ட்ஸ். இந்த 37தான் நமது அளவுகோல்.

ஏழரை மில்லிமீற்றர்

ஒலி என்பது காற்றில் வரிசையாக ஓடும் நெருக்கங்கள். கொழும்பின் 30 பாகை வெயிலில் அவை செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் ஓடும். ஸ்பீக்கர் செக்கனுக்கு 659 நெருக்கங்களை அனுப்பினால், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான தூரம் 350ஐ 659ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 53 சென்ரிமீற்றர். இதுதான் அலைநீளம். வண்டி நின்றுகொண்டிருந்தால் முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இதே 53தான்.

இப்போது வண்டி மணிக்கு 18 கிலோமீற்றரில் ஓடுகிறது என்று வையுங்கள். செக்கனுக்குச் சரியாக 5 மீற்றர், கணக்குக்கும் வசதி. ஒரு நெருக்கத்தை அனுப்பி அடுத்ததை அனுப்புவதற்குள் வண்டி 7.6 மில்லிமீற்றர் முன்னே நகர்ந்துவிடும். ஆகவே அடுத்த நெருக்கம் முதலாவதுக்கு அந்த அளவு கிட்டவாகவே புறப்படுகிறது. வண்டிக்கு முன்னால் அலைநீளம் 53.1இல் இருந்து 52.3 சென்ரிமீற்றராகக் குறைகிறது. பின்னால் 53.9 ஆகக் கூடுகிறது. ஒலியின் வேகம் காற்றைப் பொறுத்ததே தவிர வண்டியைப் பொறுத்ததல்ல. வண்டி தள்ளிவிடுவதால் ஒலி விரைவாக வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அதே 350இல்தான் ஓடுகிறது. நெருக்கமாக வருவதால் ஒரு செக்கனில் உங்கள் காதைத் தொடும் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

வருகிற ஓட்டோவின் ‘ஈ’ 669 ஹேர்ட்ஸாகக் கேட்கும். தாண்டிப் போனபின் அதே ‘ஈ’ 650. வித்தியாசம் 19. அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: 37இல் பாதி. அதாவது, 18 கிலோமீற்றர் வேகத்தில் உங்களைக் கடக்கும் பாண் ஓட்டோ அரைச்சுரத்தில் பாதி அளவு சுருதி இறங்குகிறது. மெட்டின் ஓட்டமும் அதே விகிதத்தில் மாறும். வரும்போது சுமார் ஒன்றரை வீதம் விறுவிறுப்பு, போகும்போது அதே அளவு சோம்பல். ஆனால் அதைக் கவனிக்கும் காது யாருக்கும் இல்லை.

சுருதி முழு அரைச்சுரம் இறங்க, அதாவது போகும்போது கேட்கும் ‘ஈ’யும் வரும்போது கேட்ட ‘டி ஷார்ப்’பும் ஒன்றாக, மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் போகிறவர் பாண் விற்க வரவில்லை, பேக்கரிக்குத் திரும்புகிறார்.

கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் பிராகா நகரில் இதை முன்வைத்தபோது ஒலியை அல்ல, இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கத்தான் பார்த்தார். நட்சத்திர விளக்கம் சரிவரவில்லை, தத்துவம் சரியாக இருந்தது. 1845இல் ஒல்லாந்தில் பைஸ் பலொட் என்ற விஞ்ஞானி உட்ரெக்ட் நகருக்கு அருகே ரெயில் பாதையில் அதைச் சோதித்தார். ரெயிலில் கொம்பு ஊதுகிறவர்கள், பாதையோரத்தில் சுருதி தெரிந்த வித்துவான்கள். மானி கிடையாது, காதுதான் கருவி. வெள்ளவத்தையில் வயலின் படிக்கும் பிள்ளையை கேற்றடியில் நிறுத்தினால் அதே பரிசோதனையைச் செலவில்லாமல் திரும்பச் செய்யலாம்.

கிட்ட வர வர ஏறுவதில்லை

இந்த விடயத்தில் அநேகர் தவறும் இடம் ஒன்று உண்டு. வண்டி கிட்ட வர வரச் சுருதி ஏறிக்கொண்டே போகும், தாண்டியதும் இறங்கும் என்பார்கள். உண்மையில் ஏறுவதே இல்லை. தூரத்தில் இருந்து நேராக வரும்போது உயர்ந்த சுருதியில் அப்படியே நிற்கும். கிட்ட வந்ததும் வழுக்கத் தொடங்கும். உங்களுக்கு நேர் எதிரே இருக்கும் கணத்தில் உண்மையான ‘ஈ’ கேட்கும். பிறகு தாழ்ந்த சுருதியில் போய் நிற்கும். ஏறுவது சத்தம் மட்டும்தான். சத்தம் கூடும்போது சுருதியும் கூடுவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. நியூஹோஃப், மக்பீத் என்ற இரு உளவியலாளர்கள் 1996இல் இதைக் காட்டி, ‘டொப்ளர் மாயை’ என்று பெயரும் வைத்தார்கள்.

எவ்வளவு விரைவாக வழுக்கும் என்பது, வண்டி போகும் கோட்டில் இருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்களை நோக்கிய வேகம் மட்டும்தான் கணக்கில் சேரும். பக்கவாட்டு வேகத்துக்கு மதிப்பில்லை. கேற்றடியில் இரண்டரை மீற்றர் தள்ளி நிற்பவருக்கு மொத்த இறக்கத்தில் எழுபது வீதம் ஒரே செக்கனில் நடந்துவிடும், காதுக்குப் பளிச்சென்று தெரியும். பத்தாம் மாடிப் பல்கனியில், 30 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கு அதே எழுபது வீதம் 12 செக்கனுக்குப் பரவிக் கிடக்கும். மெட்டும் நடுவில் பல சுரம் தாண்டிவிடும், ஒன்றும் தெரியாது. காலி வீதியோர அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கீழே காவலாளிக்குச் சொல்லிவைப்பதே உத்தமம்.

இன்னொரு சிக்கல்: ஒரே ஒரு தடவை கேட்ட சுருதியில் இருந்து எதையும் சொல்ல முடியாது. 669 என்பது ‘வருகிற’ ஓட்டோவாகவும் இருக்கலாம், சற்று உயர்ந்த சுருதி வைத்த, நிற்கிற ஓட்டோவாகவும் இருக்கலாம். ஒப்பிட இன்னொன்று வேண்டும். நல்ல வேளையாகப் பாண் ஓட்டோ அடிக்கடி நிற்கிறது. பக்கத்து வீட்டில் நிற்கும்போது கேட்பதுதான் அதன் சொந்தச் சுருதி. அந்த ‘ஈ’யை வாய்க்குள் முணுமுணுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி புறப்பட்டதும் வருவது அதைவிடச் சற்றுக் கூர்மையா, மந்தமா என்று பாருங்கள். கூர்மை என்றால் உங்கள் பக்கம் வருகிறது. வித்தியாசம் அரைச்சுரத்தில் கால்பங்குதான். அடுத்தடுத்துக் கேட்டால் பாட்டுப் படித்தவர்களுக்குத் தட்டுப்படும். மற்றவர்களுக்குப் போன் உதவும்.

போனில் அளப்பது

தேவையானவை: ஒலிப்பதிவு செய்யும் போன், கணினியில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள், ஒழுங்கையின் மறுமுனையில் ஒரு கூட்டாளி, பாணுக்குக் காசு. கூட்டாளி எதற்கென்றால், வண்டி வீட்டுக்கு வீடு நின்றால் வேகம் நிலையாக இராது. ஒருவர் மறுமுனையில் நின்று கையைக் காட்டினால்தான் உங்களைத் தாண்டி நிற்காமல் போகும். வாங்காமல் விட்டுவிட்டால் அடுத்த முறை கையைக் காட்டினாலும் நிற்காது. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கைகள் நேராக இருப்பதால் இதற்கு வசதி. அறுபது மீற்றர் நேர்ப்பாதை இருந்தால் போதும், பன்னிரண்டு செக்கன் பதிவு கிடைக்கும்.

வண்டி போகும் கோட்டில் இருந்து இரண்டு, மூன்று மீற்றர் தள்ளி, நடக்காமல் நில்லுங்கள். போனின் இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது மனிதக் குரலைக் காப்பாற்றச் செய்யப்பட்டது, ஸ்பீக்கரின் கீச்சொலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டித் தள்ளும். வண்டி குறைந்தது பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும்போது ஒரு ‘ஈ’யும், தாண்டிப் பத்து மீற்றர் போனபின் ஒரு ‘ஈ’யும் வேண்டும். தொடக்கச் சுரங்கள் மெட்டுக்குள் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டு பக்கமும் ஒன்றாவது அகப்படும். அந்தப் பத்து மீற்றருக்குள் எடுத்தால் சுருதி வழுக்கிக்கொண்டிருக்கும், கணக்கு குறைத்துக் காட்டும்.

ஒடாசிட்டியில் ஒரு ‘ஈ’யை மட்டும் தெரிவுசெய்து, ‘அனலைஸ்’ மெனுவில் ‘புளொட் ஸ்பெக்ட்ரம்’ என்பதை அழுத்துங்கள். அளவு 8192 என்று வையுங்கள். அதற்கு 0.19 செக்கன் நீளமான ஒலி வேண்டும். ஓட்டோவின் மெட்டு வேகமாக ஓடி, சுரம் அதைவிடக் குறுகலாக இருந்தால் 4096 ஆக்குங்கள், துல்லியம் பாதியாகும். வரும் வரைபடத்தின் உச்சியில் கேர்சரை வைத்தால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, தெரியும். வரும்போது கிடைத்ததை ‘முன்’ என்றும் போகும்போது கிடைத்ததைப் ‘பின்’ என்றும் வைத்தால்:

வேகம் = 350 × (முன் − பின்) ÷ (முன் + பின்)

669, 650 என்று போட்டால் 350 × 19 ÷ 1319, அதாவது செக்கனுக்கு 5.04 மீற்றர். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 18 கிலோமீற்றர். ஸ்பீக்கரின் உண்மைச் சுருதி இந்தச் சூத்திரத்தில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மலிவான இசைக் கருவி 659இல் பாடாமல் 640இலோ 700இலோ பாடினாலும் விடை பிழைக்காது. ஆனால் வாசிப்பில் ஒரு ஹேர்ட்ஸ் தவறினால் வேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தவறும்.

அதைக் குறைக்க வழி உண்டு. ஓட்டோவின் ஒலி சுத்தமான ஒற்றைச் சுரம் அல்ல, கீச்சென்று கேட்பதற்குக் காரணமே அதுதான். 659க்கு மேல் அதன் மடங்குகளும் கேட்கும். ஸ்பெக்ட்ரத்தில் 1980 அளவில் இன்னொரு உச்சி, மூன்றாம் மடங்கு, பெரும்பாலும் பலமாகவே இருக்கும். அங்கே முன் 2006, பின் 1950, வித்தியாசம் 56. சூத்திரம் அதேதான், பிழையோ மூன்றில் ஒன்று. சிறிய கொம்பு ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலியை நன்றாக எழுப்பாததால் சில பதிவுகளில் அடிப்படை உச்சியைவிட இதுதான் தெளிவாகத் தெரியும்.

அளவுகோலையும் மறக்க வேண்டாம். இரு பக்கமும் ‘ஈ’யை ‘டி ஷார்ப்’பால் வகுத்துப் பாருங்கள். டொப்ளர் விளைவு எல்லாச் சுரத்தையும் ஒரே விகிதத்தில் மாற்றும் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே விடை, கிட்டத்தட்ட 1.06, வர வேண்டும். ஒரு பக்கம் 1.06, மறுபக்கம் 1.03 என்றால் எங்கேயோ வேறு சுரத்தைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள்.

எங்கே பிழைக்கும்

முதல் சந்தேகம் இசைக் கருவியின் மீது. வாழ்த்து அட்டைகளுக்குள் பாடும் மூன்று கால் சில்லு (சிப்) ஒன்று உண்டு, யூ.எம். 66 வகை. பார்க்க டிரான்சிஸ்டர் போலிருக்கும். 64 சுரம் கொள்ளும். 19ஆம் இலக்கமிட்டது ‘ஃபர் எலிஸ்’ பாடும். மூன்று வோல்ட் அளவில் இயங்குவது, ஆகவே ஓட்டோவின் 12 வோல்ட் பற்றரியில் நேராகக் கொடுத்தால் கருகிவிடும். இந்த வகைச் சில்லில் சுருதியைத் தீர்மானிப்பது உள்ளேயுள்ள சாதாரண அலைவுச் சுற்று, சுருதியை நிலையாகப் பிடித்துவைக்கும் குவார்ட்ஸ் பளிங்கு கிடையாது. ஊட்டும் வோல்ட் தளம்பினால் சுருதியும் தளம்பும். வண்டி வேகம் குறைத்து, பிரேக் விளக்கு எரிந்து, பற்றரி சற்றுத் தாழும் நேரம் சுருதியும் தாழ்ந்தால், நீங்கள் அளந்தது டொப்ளரை அல்ல, பற்றரியை. சோதிப்பது சுலபம்: நிற்கிற வண்டியில் சுருதி மாறினால் குற்றவாளி மின்சுற்று. மெமரி கார்ட்டில் இருந்து பாடும் கருவி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மதில். ஒழுங்கையின் முடிவில் உயர்ந்த சுவர் இருந்தால், உங்களைத் தாண்டிப் போகும் வண்டியின் ஒலி இரண்டு வழியில் வரும். நேராக வருவது 650. முன்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்புவது 669, ஏனெனில் சுவரைப் பொறுத்தவரை வண்டி ‘வருகிறது’. இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு 19 தடவை துடிக்கும் கரகரப்புக் கேட்கும், ஸ்பெக்ட்ரத்தில் ஒரு சுரத்துக்கு இரண்டு உச்சி தெரியும். ஸ்பீக்கர் பழுது என்று ஓட்டுநரிடம் முறையிடாதீர்கள். சுவரில்லாத பக்கம் போங்கள்.

கடற்காற்றைப் பலர் குற்றம் சொல்வார்கள். நிலையாக வீசும் காற்று, பாட்டு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை மாற்றும். நின்ற வண்டியின் சுருதியை மாற்றாது. ஓடுகிற வண்டியிலும் அதன் பாதிப்பு அளக்க முடியாத அளவு சிறிது. வெப்பநிலையும் அப்படித்தான். 25 பாகையில் ஒலி 346, 30இல் 349. விடையில் ஒரு வீதம்கூடத் தவறாது.

துரத்துபவருக்கு ஒரு குறிப்பு

இதுவரை நீங்கள் நின்றீர்கள், வண்டி ஓடியது. தாண்டிப் போன வண்டியைத் துரத்துகிறவருக்கும் கணக்கு உண்டு. கேட்பவர் ஓடினால், அலைகளை எதிர்கொண்டு போவதால் எண்ணிக்கை கூடும். வண்டி 5 மீற்றர் வேகத்தில் விலக, நீங்களும் 5 மீற்றர் வேகத்தில் துரத்தினால் இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்து, நின்ற வண்டியில் கேட்ட அதே ‘ஈ’ கேட்கும். அப்படிக் கேட்டால் இடைவெளி குறையவில்லை என்று அர்த்தம், எவ்வளவு ஓடினாலும் பாண் கிடைக்காது. அதைவிடக் கூர்மையாகக் கேட்டால் எட்டிப் பிடிக்கப் போகிறீர்கள். மந்தமாகக் கேட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கத்துங்கள்.

சூன் பாணில் காது பிடிபடாதவர்கள் முதலில் ரெயிலில் பழகலாம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நிலையங்களில் நிற்காமல் போகும் கரையோர ரெயில் ஒன்றுக்காக மேடையில், பாதுகாப்புக் கோட்டுக்கு உள்ளேயே, காத்திருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஹோர்ன் அடித்துக்கொண்டே கடந்தால் இறக்கம் ஒரு அரைச்சுரமும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும், யாருக்கும் தப்பாது. ஹோர்ன் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரம் எழுப்பினால், போனில் ஏதாவது ஒரே உச்சியைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே பின்தொடருங்கள். ஓட்டுநர் மேடையைத் தாண்டுமுன் ஹோர்னை நிறுத்திவிட்டால் பாதிப் பதிவுதான் மிஞ்சும், அடுத்த ரெயிலைத்தான் பார்க்க வேண்டும்.